சென்னியப்பன் புடிச்சிருச்சு

சென்னியப்பன் சாகக் கூடாது என்பதில் சம்பூரணம் கண்டிப்பாக இருந்தாள். "அந்தப் பாவிய ஒரு பாம்பு கடிக்காதா, ஒரு லாரி அடிக்காதா" என்று ஊர்ப் பெண்கள் ஆறுதலுக்குச் சொன்னபோதெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வந்தது. செத்துப்போனவனை என்ன செய்துவிட முடியும்? அவன் நூறு வயசு இருக்க வேண்டும். இருந்து, தினமும் பொழுதோட ஆறரை மணிக்கு வயிறு எரிய வேண்டும்.

சாயங்காலம் ஆறரை மணி என்பது 'பொழுதோட நாயம்' வருகிற நேரம். மேழி டிவியில் விவசாயிகளுக்கென்றே வருகிற நிகழ்ச்சி அது. எங்கள் பக்கம் பேச்சுக்கும் நாயம் என்றுதான் பெயர், நீதிக்கும் நாயம் என்றுதான் பெயர். முதல் நாயம் மேழி டிவியில் வேண்டுமட்டும் கிடைத்தது. இரண்டாவதைத்தான் சம்பூரணம் தேடிக்கொண்டிருந்தாள்.

மேழி டிவி முதலில் தாராபுரத்தில் ஒரு கடை மாடியில் நடந்த சின்ன கேபிள் சேனல். தோளில் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு சென்னியப்பன் ஒரே கேமரா முன்னால் உட்கார்ந்து, வெங்காய விலை, மாட்டுக்கு மடிவீக்கம், முருங்கைக்குக் கம்பளிப்புழு என்று வாய் ஓயாமல் பேசுவார். சொன்னால் சரியாக இருக்கும். பிறகு ஒரு கம்பெனி சேனலை வாங்கியது. பண்ணையம் பார்க்கிற வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. அதற்கப்புறம் சென்னியப்பன் ஸ்டூடியோவுக்குப் போகவே இல்லை. அவருடைய முகமும் குரலும் மட்டும் போயின. அவர் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்க, பதினோராயிரம் வீட்டில் பதினோராயிரம் சென்னியப்பன்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அதுவும் பொதுப்பேச்சு கிடையாது. "ஏனுங்க கொளந்தவேலு, கெழக்குக் காட்டுப் பருத்தியில காய்ப்புழு விழுந்திருக்குமே, பாத்தீங்களா?" என்று சம்பூரணத்தின் வீட்டில் அவள் புருஷனைப் பெயர் சொல்லிக் கேட்கும். அதே நொடியில் அடுத்த வீட்டில் நடராசிடம் தக்காளியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும். பெட்டிக்குக் கண் உண்டு, காது உண்டு. இலையைக் காட்டினால் நோய் சொல்லும். நிகழ்ச்சி இல்லாத நேரத்திலும் கூப்பிட்டால் சென்னியப்பன் முகத்தோடு வந்து பதில் சொல்லும். கைபேசியிலும் வரும். மெஷின்தான் பேசுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன? முகம் பழகின முகம், சொன்னது பலித்தது. மூன்று வருஷமாக ஒரு மழையைக்கூட அது தப்பாகச் சொன்னதில்லை.

ஆவணி மாசம் ஒரு நாள், குழந்தைவேலு வெடியால, இருட்டு விலகும்போதே போய்ப் பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு, உச்சிப்பொழுதில் வீட்டுக்கு வந்தார். வரும்போதே கால் பின்னியது. உடம்பெல்லாம் வேர்வை. கண் மங்குகிறது என்றார். வாசலில் வாந்தி எடுத்தார். மருந்துக் காற்று உடம்பில் ஏறி ஆளைச் சாய்ப்பதை எங்கள் பக்கம் 'மருந்து புடிச்சிருச்சு' என்போம். சளி பிடிக்கிறது, பேய் பிடிக்கிறது என்பதைப் போலத்தான். சம்பூரணம் பதறிப்போய்ப் பெட்டியிடம்தான் ஓடினாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரருக்கு மருந்து புடிச்சிருச்சுங்க! என்ன பண்றதுங்க?"

திரையில் சென்னியப்பன் முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோசமுங்க சம்பூரணம். புடிச்சிருச்சுன்னா இனிக் கவலையில்லை. நல்லாத் தூங்கட்டும். எழுப்பாதீங்க."

அவள் எழுப்பவில்லை. ஒரு முழு மணி நேரத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டே இருந்தாள். வேர்வை அடங்கிவிட்டது, குணமாகிறது என்று நினைத்தாள். வாயோரம் நுரையைப் பார்த்த பிறகுதான் அலறினாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "ஒரு மணி நேரம் முன்னால கொண்டு வந்திருந்தா ஊசியிலயே நிறுத்தியிருக்கலாம்மா" என்றார். அந்த ஒரு மணி நேரம் அவளிடம் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டது சென்னியப்பன்.

கருமாதி முடிந்த மறுநாளே தாராபுரம் ஆபீசுக்குப் போனாள். மெட்ராசிலிருந்து வந்திருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான். தண்ணீர் கொடுத்தாள், பொறுமையாகக் கேட்டாள், கம்ப்யூட்டரில் அன்றைய பேச்சை எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.

"மேடம், 'மருந்து பிடிச்சிருச்சு'ன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அப்படின்னா மருந்து வேலை செஞ்சிருச்சுன்னுதானே அர்த்தம்?"

"சளி புடிச்சிருச்சுன்னா? சளி வேலை செஞ்சிருச்சுன்னா அர்த்தம்?"

அந்தப் பெண் அந்த வரியை இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள். பிறகு, மெஷினுக்குத் தமிழ் தெரியும், ஆனால் ஒவ்வொரு ஊர்த் தமிழும் தெரியாது, அதை ஊர்க்காரர்கள்தான் பழக்க வேண்டும் என்றாள். ஒரு பகுதியில் நாற்பது வீட்டில், ஒரே வாரத்துக்குள், ஒரே வார்த்தையை ஒரே அர்த்தத்தில் சொல்லிக்கொடுத்தால் பெட்டி அதை அந்தப் பக்கத்துப் பேச்சாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் அதுவும் அப்படியே பேசும்.

"எந்த வார்த்தையா இருந்தாலுமா?"

"எந்த வார்த்தையா இருந்தாலும். இந்த மாதிரி இன்னொரு வீட்ல நடக்காம இருக்க, நீங்களே ஆரம்பிச்சு வைக்கலாம் மேடம்."

சம்பூரணம் முதலில் சென்னியப்பன் வீட்டுக்குத்தான் போனாள். அவர் வெளியே வரவில்லை. அவர் மனைவி ஜன்னல் வழியாக, "அவிய பேசலீங்க, மெஷினு பேசுச்சு. அதுக்கு இவிய என்ன பண்ணுவாங்க?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். முகத்தைக் கொடுத்தவன் அவன், குரலைக் கொடுத்தவன் அவன். கேட்கப் போனால் மட்டும் அது அவன் இல்லையாம். பஸ்ஸில் திரும்பும்போது சம்பூரணத்துக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

சம்பூரணத்தின் ஊரான புளியங்காட்டுவலசில் அப்போது வெங்காயத்துக்குக் களையெடுப்பு. வரிசையாகப் பெண்கள் குந்திக் களைக்கொத்தால் கொத்திக்கொண்டிருந்தார்கள். ஆபீசில் கேட்டதைச் சம்பூரணம் சொன்னாள்.

"அப்ப 'மருந்து புடிச்சிருச்சு'ன்னா என்னன்னு சொல்லிக் குடுத்துருவோங்க்கா" என்றாள் மயிலாத்தா. அவள்தான் அடுத்த வீட்டு நடராசு பெண்டாட்டி. வாய்த்துடுக்கு, ஆனால் தங்கமான மனசு.

"அது வேண்டாம்டி. அந்தச் சீக்குக்கு வேற பேரு வெக்கலாம்."

"என்ன பேருங்க?"

"சென்னியப்பன்."

கொத்திக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. மயிலாவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "அட கெரகமே! சன்னி புடிச்சுதுன்னு சொல்றதில்லீங்களா? அதே கணக்கா, 'சென்னியப்பன் புடிச்சிருச்சு'! நல்லாத்தான் இருக்குதுங்க்கா!" என்று களைக்கொத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. சம்பூரணம் மட்டும் சிரிக்கவில்லை. "அவன் வாயாலயே சொல்லோணும். பதினோராயிரம் ஊட்லயும் சொல்லோணும்" என்றாள்.

அன்று பொழுதோட அவளே முதலில் ஆரம்பித்தாள். பெட்டி முன்னால் நின்று, "இங்க பாருங்க. மருந்து அடிச்சு ஆளு மயங்கி விழுந்தா எங்கூர்ல 'சென்னியப்பன் புடிச்சிருச்சு'ம்போம்" என்றாள்.

"அப்படீங்களா? நல்ல வார்த்தைங்க. தெரிஞ்சுக்கிட்டேன்" என்று சென்னியப்பன் முகம் புன்னகைத்தது.

வலசில் முப்பத்திரண்டு வீடுதான். மீதிக்குப் பக்கத்து ஊர்களில் இருந்த மாமியார், நாத்தனார், சம்பந்தி எல்லாரையும் பிடித்தார்கள். ஆறாம் நாள் ஆறரை மணிக்குச் சம்பூரணம் தனியாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் வந்து வணக்கம் சொல்லி, காற்று மேற்கே திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, "நாளைக்கு வெயில் எச்சுங்க. மத்தியானத்துல யாரையும் மருந்து அடிக்க உடாதீங்க. சென்னியப்பன் புடிச்சுக்கும். சென்னியப்பன் புடிச்சா வாயில நொரை தள்ளும், ஆளு பொழைக்கறது கஷ்டமுங்க" என்றது. அதே பச்சைத் துண்டு, அதே சிரித்த முகம்.

புருஷன் போன பிறகு அன்றைக்குத்தான் சம்பூரணம் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அப்புறம் அழுதாள். மறுபடி எப்போது சொல்லும் என்று காத்திருந்தாள்.

மெஷினுக்கு ஒரு வார்த்தை பிடித்துப்போனால் அதை விடாது போலிருக்கிறது. மாதம் திரும்புவதற்குள் மூலனூர், கன்னிவாடி, வெள்ளகோவில் வரைக்கும் அது பரவிவிட்டது. மருந்துக்கடையில், "கையுறை வாங்கிக்கங்க, சென்னியப்பன் புடிச்சுக்கும்" என்று எழுதித் தொங்கவிட்டார்கள். ஆஸ்பத்திரி நர்சு நோட்டில், 'சென்னியப்பன், ஆண், வயது 40' என்று எழுதிவிட்டு, டாக்டரிடம் திட்டு வாங்கினாள். பஸ்ஸில் ஒரு குழந்தை நிஜச் சென்னியப்பனைக் காட்டி, "அம்மா, இந்தத் தாத்தாதான் அந்தச் சீக்கா?" என்று கேட்டதாம். அவர் பாதி வழியிலேயே இறங்கிவிட்டாராம். அவருடைய சின்ன மகள் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயரைப் போட வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். 'நல்ல காரியத்துல சீக்குப் பேரு எதுக்குங்க?' என்பது அவர்கள் நாயம். இதையெல்லாம் யாராவது வந்து சொன்னால் சம்பூரணம் அவர்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொல்வாள்.

கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? வார்த்தையைப் பெட்டியிலிருந்து எடுத்துப்பார்த்தான். அன்று ஆறரை மணிக்குப் பதினோராயிரம் வீட்டிலும், "வணக்கமுங்க, நான் உங்க... உங்க..." என்று சொல்லிவிட்டு அந்த முகம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. சீக்கின் பெயரை எடுத்தால் ஆளின் பெயரும் போய்விடுகிறது. மறுநாளே திரும்ப வைத்துவிட்டார்கள்.

இதற்கு நடுவில், அவள் நினைத்தே பார்க்காத ஒன்றும் நடந்தது. மூலனூர்ப் பக்கம் ஒரு பெண், காட்டில் புருஷன் சாய்ந்ததும் கைபேசியை எடுத்து, "சென்னியப்பன் புடிச்சிருச்சு!" என்று கத்தியிருக்கிறாள். பெட்டி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆம்புலன்சை அதுவே அனுப்பிவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டான். அடுத்தடுத்து இன்னும் மூன்று பேர். அந்தப் பெண் வாழைத்தாரோடு வந்து சம்பூரணத்தின் காலைத் தொட்டாள். அவளைப் பார்த்து வேறு ஊர்க்காரர்களும் வந்தார்கள். எதைக் கேட்டாலும், "சம்பூரணக்கா என்ன சொல்றாங்க?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அவளுக்கு அது சங்கடமாக இருந்தது. அவள் யாருக்கும் நல்லது செய்யக் கிளம்பவில்லை. ஒருத்தனைக் கெடுக்கத்தான் கிளம்பினாள்.

கார்த்திகையில் ஒரு நாள் வெடியால, தலையில் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றார். முக்காட்டை எடுத்ததும் அவளுக்கு ஒரு கணம் டிவி எழுந்து வந்துவிட்டதாகத் தோன்றியது. ஆனால் டிவியில் இருக்கும் சென்னியப்பனுக்கு ஐம்பது வயசு. இவருக்கு அறுபது தாண்டி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"வாங்க" என்றாள். எங்கள் பக்கம் எதிரியையும் வாங்க என்றுதான் சொல்வோம். சண்டைக்கும் 'ங்க' உண்டு. 'ங்க' போய்விட்டால்தான் பயப்பட வேண்டும்.

"அம்மிணி, எம் பேரை உட்ருங்க" என்றார் அவர். உட்காரவில்லை. "மவ கண்ணாலத்துக்கு மணையில உக்கார முடியலீங்க. எம் பேரைச் சொல்லிக் கூப்பிடறதுக்கு ஊர்ல ஆளில்லை. நாப்பது ஊடு சொன்னா வெச்சுக்குது, நாப்பது ஊடு வேண்டாம்னா எடுத்துரும்ங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"எம்புருசன் பேரைச் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லீங்க."

"மெஷினு பண்ணுன தப்புங்க அது."

"மெஷினுக்கு எங்க பேச்சு தெரியாதுன்னாங்க ஆபீசுல. உங்களுக்குத் தெரியுமில்லீங்க? நீங்க இந்த மண்ணுல பொறந்தவருதானுங்களே. உங்க கொரலை வாங்குனப்ப, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலியாக்கும்?"

அவர் வாசற்படியில் தானாகவே உட்கார்ந்துகொண்டார்.

"கேட்டாங்க" என்றார். "நாப்பது நாள் உக்காரவெச்சு, நம்ம பக்கத்து வார்த்தையெல்லாம் எழுதிப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. 'மருந்து புடிக்கறது'ங்கிறதும் அந்தத் தாள்ல இருந்துதுங்க. நாந்தான் எழுதிக் குடுத்தேன். மேனேசரு பாத்துப்போட்டு, 'மருந்துக் கம்பெனிக்காரங்கதான் நிகழ்ச்சிக்கே விளம்பரம் தர்றாங்க. மருந்தும் சீக்கும் ஒரே வரியில வந்தா அவங்களுக்குப் புடிக்காது. இது வேண்டாமே'ன்னாரு. நானும்... ஒரு கோடுதானுங்க போட்டேன். ஒரே ஒரு கோடு."

அதுவரைக்கும் சம்பூரணம் ஒரு மெஷினின் தப்புக்கு ஒரு மனுஷனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். சில நேரம் அது உறுத்தவும் செய்தது. இப்போது உறுத்தல் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. உடம்பு முழுக்கச் சூடாக, தெளிவாக, வெறுப்பு நிறைந்தது. அது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எந்திரி" என்றாள்.

'ங்க' இல்லாத அந்த 'எந்திரி' காதில் விழுந்ததும் சென்னியப்பன் எழுந்துவிட்டார்.

"நீ கோடு போட்டது எம்புருசன் கழுத்துல. இனிமே நீ செத்தாலும் உம்பேரு சாகாது. உன்ற பேரன் பேத்தி காலத்துலயும் எவனாவது நொரை தள்ளி உளுந்தா உம்பேரைத்தான் சொல்லுவாங்க. போ. போய் நல்லா இரு. நூறு வயசு இரு."

அவர் முக்காட்டைப் போட்டுக்கொண்டு இரண்டடி போனார். பிறகு திரும்பினார். "ஒண்ணு சொல்லிப்போட்டுப் போறேன் அம்மிணி. எம் மூஞ்சிய எடுக்கப் போறாங்களாம். அந்தப் பெட்டிக்கு எவிய பேச்சைச் சனம் கேக்குதோ அவிய வேணும். எங்கிட்டயாச்சும் கேட்டுப்போட்டு எடுத்தாங்க. பெட்டி வாங்கறப்ப எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அதுல என்ன எழுதியிருக்குதுன்னு ஒருத்தரும் படிக்கலை. சூதானமா இருந்துக்கங்க."

தோற்றவன் போகிற போக்கில் மிரட்டிவிட்டுப் போகிறான் என்று சம்பூரணம் நினைத்தாள். முகத்தையும் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டதில் அவளுக்கு இன்னும் கொண்டாட்டம். மயிலாவைக் கூப்பிட்டு, "மூஞ்சியும் போச்சுடி" என்று சொல்லி, இரண்டு பேரும் பணியாரம் சுட்டுத் தின்றார்கள்.

அடுத்த வாரம் திருப்பூரில் மகளுக்கு வளைகாப்பு. பனியன் கம்பெனிக்குப் போகிற வீடு அது. அங்கே மேழிப் பெட்டி கிடையாது. சம்பூரணம் நாலு நாள் இருந்து, சம்பந்தியோடு ஊர்க்கதை பேசி, பேரனோ பேத்தியோ என்று வாதாடிவிட்டு, ஐந்தாம் நாள் முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்தாள். பையை வீட்டில் வைத்துவிட்டு நேராகக் களையெடுக்கப் போனாள்.

பெண்கள் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். யாரோ கை தட்டினார்கள்.

"என்னடி, வளைகாப்பு எம்மவளுக்கா எனக்கா?"

"போங்கக்கா, எங்ககிட்டக்கூடச் சொல்லாமப் போயிட்டீங்க" என்றாள் மயிலா. செல்லக் கோபம். "நாலு நாளா நீங்கதான். எங்கூட்டுக்காரரு கண்ணெடுக்காமப் பாக்கறாரு. அந்தாளு மூஞ்சியப் பாத்தாலே டிவிய அமத்திப்போடறவரு, நீங்க வந்ததுக்கப்புறம் கிட்ட வந்து உக்காந்துக்கறாரு."

"நான் எங்கடி வந்தேன்?"

"டிவியிலதாங்க. 'சென்னியப்பண்ணன் ஓய்வுக்குப் போயிட்டாருங்க, இனிமே பொழுதோட நாந்தான் வருவேன்'னு சொன்னீங்களே. எல்லார் ஊட்லயும் நீங்கதான். அந்தப் பச்சைச் சேலை நல்லா எடுப்பா இருக்குதுங்க்கா."

எங்கிட்ட பச்சைச் சேலையே இல்லையே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. சென்னியப்பன் வாசலில் திரும்பி நின்று சொன்னது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மூன்று வருஷமாகப் பெட்டியின் கண்ணுக்கு முன்னால்தான் அவள் சிரித்தாள், அழுதாள், சண்டை பிடித்தாள். அவள் பேச்சில் அதற்குத் தெரியாதது ஒன்றும் இருக்காது.

"மயிலா, அது நானில்லை."

"உங்க மூக்குத்தி தெரியாதுங்களா எனக்கு? கம்பெனிக்காரன் வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டானாக்கும். போச்சாது போங்க, பரவால்ல. நீங்க சொன்ன மருந்தை இவரு நேத்தே போய் வாங்கியாந்துட்டாரு."

"என்ன மருந்து? நான் என்ன சொன்னேன்?"

"'இந்த மருந்துல சென்னியப்பன் புடிக்காதுங்க. உச்சி வெயில்லயும் அடிக்கலாம், மூஞ்சித் துணி வேண்டாம்'னு. நீங்களே சொல்றீங்கன்னா சரியாத்தான் இருக்கும்னு, வெடியால இருந்து சட்டையில்லாம அடிச்சிட்டிருக்காரு, பாருங்க."

வெங்காயக் காட்டுக்கு அந்தப் பக்கம் தக்காளிக் காடு. விசைத்தெளிப்பான் சத்தம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சம்பூரணம் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். "நடராசு! அடிக்காதீங்க! கீழ வெய்யுங்க!" என்று வரப்பெல்லாம் இடறிக்கொண்டு கத்தினாள். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவளைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். அவள் போய்ச் சேரும்போது, மெஷினை முதுகிலிருந்து இறக்காமலே வாய்க்கால் ஓரத்தில் குந்திவிட்டிருந்தார். முழங்காலில் நெற்றி. உடம்பில் வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணு தெரியலீங்க்கா" என்றார்.

பின்னால் ஓடி வந்த மயிலா அதைப் பார்த்ததும் மடியிலிருந்த கைபேசியை எடுத்துவிட்டாள். "சென்னியப்பன் புடிச்சிருச்சு! சென்னியப்பன் புடிச்சிருச்சு!"

சம்பூரணம் மெஷினின் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தக் குரலைக் கேட்டாள். அவள் குரல். மகளைத் தாலாட்டிய குரல், கருமாதியில் கதறிய குரல். அதில் பதற்றமே இல்லை.

"பயப்படாதீங்க மயிலா. நடராசு அடிச்சது புது மருந்துங்க. அதுல சென்னியப்பன் புடிக்காது. இது வெயில் மயக்கம். நெழல்ல படுக்க வெச்சு நல்லாத் தூங்க உடுங்க. எழுப்பாதீங்க."

"பொய்யி! மயிலா, அதக் கேக்காதடி!" என்று சம்பூரணம் கத்தினாள். "தண்ணி ஊத்தி மேலைக் கழுவு. நா ரோட்டுக்கு ஓடி வண்டிய மறிக்கறேன். ஒரு மணி நேரந்தான்டி இருக்குது, கழுவுடி!"

மயிலா புருஷனை வேப்பமர நிழலுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். கைபேசியைக் காதோடு அழுத்தியிருந்தாள். கண்ணீர் வழிய, எரிச்சலோடு திரும்பிச் சம்பூரணத்தை முறைத்தாள்.

"சித்த சும்மா இருங்க! சம்பூரணக்கா பேசறாங்கல்ல!"